அரைப் பேர்

அன்புள்ள ஐயா,

தாதியர் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். வீடு ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மா மகள் நர்ஸ் பிராக்டிஷனர். எச்.ஐ.வி. உள்ளவர்களையும் திருநர்களையும் பார்க்கிறார். அவரைப் போல வர ஆசை. அம்மாவோ, "அந்த நோயாளிகளைத் தொட்டால் உன்னை யார் கட்டுவான்?" என்கிறார். இங்கே அப்படியொரு பதவியும் இல்லை. என் ஆசை வீணா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அம்மாவுக்கு. தொட்டால் எச்.ஐ.வி. பரவாது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிய நிலையைக் காத்துவருபவரிடமிருந்து உடலுறவிலும் பரவாது. இதைச் சொல்லிப் பாருங்கள். கல்யாணக் கவலை இதனால் தீருமா என்பது வேறு கதை.

உங்கள் அக்காவின் பதவி 1965இல் கொலராடோவில் பிறந்தது. மேற்படிப்பு முடித்த தாதி தானே பரிசோதித்து மருந்தும் எழுதலாம். எச்.ஐ.வி. மாத்திரை, திருநங்கைகள் எடுக்கும் ஹோர்மோன் இரண்டையும் அவர் ஒரே மேசையில் வைத்துப் பேசுகிறார். இது சின்ன விடயமில்லை. ஒன்றோடொன்று மோதுமோ என்று பயந்து எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திவிடும் திருநங்கைகள் உண்டு. இங்கே மருந்து எழுதுவது டாக்டர்தான். ஆனால் நான் பார்த்த சிக்கல் மருந்துச் சீட்டுக்கு முன்பே தொடங்கியது.

சில வருடங்களுக்கு முன், தெரிந்த திருநங்கை ஒருவருடன் ஒரு கிளினிக்கிற்குப் போனேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். விடிகாலை பஸ், அன்று அவருக்குப் பேர் இல்லை. (வெளியூர் வாசகர்களுக்கு: தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்போம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்.) அட்டையில் இருந்த ஆண் பெயரை ஒருவர் உரக்கக் கூப்பிட்டார். வாங்கில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. இவர் எழுந்து வாசலுக்கு நடந்தார். பின்னால் ஓடினேன். "கொழுந்துப் பேரும் போனது, என் பேரும் போனது அண்ணே" என்றார். அன்று எச்.ஐ.வி. மாத்திரை வாங்கவில்லை.

அரசாங்க கிளினிக்கில் அந்த மாத்திரை இலவசம். 2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழும் உண்டு. மனநல மருத்துவர் கையெழுத்திட்டால் பிறப்புச் சான்றிதழில் பெயரை மாற்றலாம். அதற்கு டவுனுக்கு எத்தனை தடவை போவது, எத்தனை பேரை இழப்பது?

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. கர்ப்பிணிகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள், மருத்துவமாது லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) வாசல் வரை தேடிப் போனார். தேடிப் போகத் தெரிந்த நாடுதான் இது. என் ஆத்திரமே அங்கேதான்: திருநங்கையைத் தேடி யாரும் லயத்துக்கு வருவதில்லை.

அவர் இப்போது வேறு ஊர் கிளினிக்கிற்குப் போகிறார், பஸ்ஸில் இன்னும் இரண்டு மணி நேரம். அங்கே ஒரு தாதி, சாதாரணத் தாதிதான், "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டு, அவர் சொன்ன பெயரை அட்டையின் மூலையில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். மாத்திரை தவறுவதில்லை.