ஒரே படலையால் ஒன்பது பேர்

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு சிறிய கந்தோரில் ஒன்பது பேர் வேலை செய்கிறோம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் இணையத்தளத்துக்குள் போய்த் தரவுகளைப் பதிவதுதான் வேலை. இனிமேல் ஒரேயொரு ஐபி முகவரியிலிருந்து வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்களில் இருவர் சாவகச்சேரியிலும் ஒருவர் பருத்தித்துறையிலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். கந்தோரில் சும்மா கிடக்கும் பழைய கணினியில் ஸ்குயிட் என்ற புரொக்சியை (எல்லாருக்கும் பதிலாக இணையத்துக்குப் போய்வரும் இடைநிலை மென்பொருள்) போட்டு, எல்லாருக்கும் ஒரே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கலாமா? இணைய வேகமும் கூடுமா?

பதில்: வேகம் கூடாது. ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது ஸ்குயிட்டின் பழைய பலம். இன்று அனேகமாக எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ் வழியாகப் பூட்டப்பட்டே வருகின்றன. பூட்டிய பொதியைப் புரொக்சி கைமாற்றிவிடும்; உள்ளே இருப்பதைப் பார்க்கவோ சேமிக்கவோ அதனால் முடியாது. ஆனால் ஒன்பது பேரும் ஒரே முகவரியில் வெளியே போகவேண்டும் என்ற உங்கள் தேவைக்குப் புரொக்சி பொருத்தமான வழிதான்.

பழைய கணினி வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்பது பேருக்கு அதன் சக்தி தாராளமாகப் போதும். சிக்கல் இணைப்பில் இருக்கிறது. சாதாரண பைபர் இணைப்புகளில் ஐபி முகவரி மாறிக்கொண்டிருக்கும். ரவுட்டருக்குள் போய் அதன் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், சேவை நிறுவனம் உங்களையும் வேறு பலரையும் ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பருத்தித்துறையில் இருப்பவர் வெளியிலிருந்து உங்கள் கணினியைத் தொடவே முடியாது. நிலையான ஐபிக்குத் தனியாகப் பணம் கட்டலாம். ஆனாலும் கந்தோரில் மின்சாரம் போனால் வீட்டில் இருப்பவர்களின் வேலையும் நின்றுவிடும். 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் இல்லாமல் இருந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதனால் சிங்கப்பூரிலோ மும்பையிலோ ஒரு சிறிய வாடகைச் சேர்வர் எடுங்கள். லினக்ஸும் 1 ஜிபி நினைவகமும் இருந்தால் காணும். நிலையான முகவரியும் அதோடு வந்துவிடும். எடுப்பதற்கு முன் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தங்கள் தரவு மூன்றாவது நாடொன்றின் வழியாகப் போவதைச் சிலர் ஒப்பந்தத்திலேயே தடுத்திருப்பார்கள்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விசயம். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் கொடுக்கவே கூடாது. ஒரு வளவுக்கு ஒரே படலை என்றால், யார் எதைச் செய்தாலும் வெளியில் இருப்பவர்களுக்கு அது அந்த வளவின் பெயரில்தான் தெரியும். ஒருவர் தவறுதலாக நூறு பதிவுகளை அழித்தால் வாடிக்கையாளருக்குத் தெரிவது உங்கள் ஒரே முகவரி மட்டுமே. அது யார் என்று உள்ளே கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஒன்பது பேர்மீதும் சந்தேகம் விழும். பாவம் செய்யாத எட்டுப் பேருக்கு அது பெரிய அநியாயம். ஆளுக்கொரு கணக்கு கொடுப்பது அவர்களைக் கண்காணிக்க அல்ல, காப்பாற்ற.

ஸ்குயிட்டில் கணக்குகளை உருவாக்குவது சுலபம். ஆனால் அதன் சாதாரண அங்கீகார முறையில் கடவுச்சொல் பேஸ்64 ஆக மாற்றப்பட்டு அனுப்பப்படும். அது பூட்டு அல்ல, வெறும் எழுத்து மாற்றம். வழியில் இருக்கும் எவரும் அவிழ்த்து வாசிக்கலாம். எனவே முதலில் வயர்கார்ட் சுரங்கம் ஒன்றை, அதாவது உங்கள் கணினிகளுக்கும் சேர்வருக்கும் இடையே பூட்டிய தனிப்பாதை ஒன்றை, அமையுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவியும் சுரங்கத்துக்குள் தனி முகவரியும் கொடுங்கள். ஸ்குயிட் சேர்வரின் சுரங்க முகவரியில் மட்டும் காது கொடுக்கட்டும். சேர்வர் மீள இயங்கும்போது வயர்கார்ட் எழும்பிய பிறகே ஸ்குயிட் எழும்பவேண்டும். வரிசை மாறினால் அந்த முகவரி இல்லையே என்று ஸ்குயிட் தடுமாறும்.

வயர்கார்ட் இருக்கும்போது புரொக்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வயர்கார்ட் ஐபி எண்களை மட்டுமே பார்க்கும். வாடிக்கையாளரின் தளம் பல இடங்களிலிருந்து பரிமாறப்படுவதாக இருந்தால் அந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். புரொக்சியோ தளத்தின் பெயரைப் பார்த்து அனுமதிக்கும், தடுக்கும், பதியும்.

ஸ்குயிட்டின் அனுமதி விதிகள் மேலிருந்து கீழே வாசிக்கப்படும். முதலில் பொருந்துவதே தீர்ப்பு. முதலில் உங்கள் ஆட்களுக்கு வாடிக்கையாளரின் தளங்களுக்கு அனுமதி, கடைசியில் எல்லாருக்கும் மறுப்பு. அவ்வளவுதான். வேலை செய்யவில்லையே என்ற அவசரத்தில் "எல்லாருக்கும் அனுமதி" என்ற வரியை யாராவது மேலே போடுவதுதான் பெரிய ஆபத்து. நான் உதவிய ஒரு கந்தோரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்படித்தான் நடந்தது. திறந்த புரொக்சிகளைத் தேடும் நிரல்கள் இரவும் பகலும் 3128ஆம் வாயிலை (போர்ட்) தட்டிக்கொண்டிருக்கின்றன; அதுதான் ஸ்குயிட்டின் வழக்கமான வாயில். திங்கட்கிழமை பார்த்தபோது பதிவேடு முழுக்க முன்பின் தெரியாத முகவரிகள். அந்த ஐபி தடைப்பட்டியல்களில் ஏறிவிட்டதால் புதிய முகவரி எடுத்து, வாடிக்கையாளருக்கு விளக்கக் கடிதம் எழுதவேண்டி வந்தது.

உங்கள் ஆட்களின் வீடியோ, முகநூல் எல்லாம் சிங்கப்பூர் சுற்றி வரத் தேவையில்லை. உலாவிக்கு ஒரு பிஏசி கோப்பு (எந்தத் தளத்துக்கு எந்த வழி என்று சொல்லும் சிறு கோப்பு) எழுதினால், வாடிக்கையாளரின் தளம் மட்டும் புரொக்சி வழியாகவும் மற்றவை நேரடியாகவும் போகும். அந்தத் தளத்துக்கு "புரொக்சி இல்லாவிட்டால் நேரடியாகப் போ" என்ற மாற்று வழியைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால், சுரங்கம் அறுந்த நேரத்தில் சாவகச்சேரி வீட்டு முகவரியோடு போய் வாசலில் நிற்பார்கள். கிட் (நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போன்ற கருவிகள் பாவித்தால் அவற்றுக்குத் தனியாகப் புரொக்சி சொல்லவேண்டும். உலாவியின் அமைப்பு அவற்றுக்குத் தெரியாது.

பதிவேட்டில் நேரம், சுரங்க முகவரி, தளத்தின் பெயர், அளவு ஆகியவை இருக்கும். எந்தப் பக்கத்தைப் பார்த்தார், என்ன எழுதினார் என்பது இருக்காது. நேரம் 1970இலிருந்து எண்ணப்பட்ட வினாடிகளாக இருக்கும். அப்படியே வாசித்துக் குழம்பாமல், இலங்கை நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எதைப் பதிகிறீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று தொடங்கும் முன்பே ஒன்பது பேருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். இப்படியான பதிவுகள் தனிப்பட்ட தரவுகள். எங்கள் நாட்டில் அதற்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. என்னைக் கேட்டால் மூன்று மாதம் போதும்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அவருடைய வயர்கார்ட் சாவியை நீக்குங்கள். ஸ்குயிட்டில் பயனர் கணக்கும் வைத்திருந்தால், அதை நீக்கியதோடு விடாமல் ஸ்குயிட்டை நிறுத்தித் தொடங்குங்கள். சரிபார்த்த கடவுச்சொல்லை அது வழக்கமாக இரண்டு மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். சேர்வரின் நிர்வாகச் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்; ஒருவர் நல்லூர்த் திருவிழாவுக்கு லீவு எடுத்தாலும் மற்றவர் நிற்பார்.

முதல் வாரம் இரண்டு பேரோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள். மற்றவர்களைச் சேர்க்கும் முன், கைபேசியில் வைபையை அணைத்து, வயர்கார்ட் இல்லாமல், சேர்வரின் வெளி முகவரியில் 3128ஐத் தட்டிப் பாருங்கள். பதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் அன்றைக்கு வேறு வேலை பார்க்காதீர்கள். முதலில் அந்த வாயிலைப் பூட்டுங்கள்.