ஆவணி கடைசியில பரிசம் வச்சா மழை வருமா? பதினோரு மணி மேகத்தப் பாருங்க

மலேசியாவுல கேமரன் மலை ரிங்லெட் பக்கத்து எஸ்டேட்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. செப்டம்பர் ரெண்டாவது ஞாயிறு மகளுக்குப் பரிசம், லயத்து வீட்டு வரிசை முன்னால இருக்கிற திடல்ல கேனப்பி, அதான் துணிப் பந்தல், போடப் போறாங்களாம். காலையில வெயில் பளிச்சுனு அடிக்குது, மதியம் கொட்டுது, மேகத்தப் பாத்தே கண்டுபிடிக்க முடியுமா, கேனப்பி ஏஜண்டு மழைய நிறுத்தற ஆள் ஒருத்தரயும் சேர்த்து 600 வெள்ளி (ரிங்கிட்) கூட கேக்குறாரு, குடுக்கலாமான்னு.

குடுக்காதீங்கக்கா. மத்தது எல்லாம் அப்புறம்.

மிளகாயும் வெங்காயமும் குச்சியில குத்தி வைக்கிறது அவங்கவங்க நம்பிக்கை, அதுல நான் கை வைக்கல. காசு வாங்குறதத்தான் சொல்றேன். நம்ம மலையில பெரும்பாலான நாள் காலை பதினோரு மணி வரைக்கும் பெரிய மழை கிடையாது, நீங்க பத்து மணிக்கு தட்டு மாத்தினா அந்த ஆள் வந்தாலும் வராட்டியும் காய்ஞ்சுதான் இருக்கும், ஆனா பேரு அவருக்கு. மதியம் கொட்டினா "நான் பன்னண்டு வரைக்கும்தான் ஒத்துக்கிட்டேன்"னு சொல்லுவாங்க. வானிலை கண்காணிப்பு வேலையில இருந்த இத்தனை வருசத்துல எத்தனையோ குடும்பம் இப்படி ஏமாந்தத பாத்துட்டேன், வயிறு எரியுது.

இப்ப மேகம். விடியக்காலையில தேயிலை மேல படுத்திருக்கிற பனியப் பாத்து பயப்படாதீங்க. கீழ தாழ்வா கிடக்கிற மேகம்தான் அது, படல மேகம்னு பேரு, ஒன்பது மணிக்குள்ள கலைஞ்சிடும். ஆனா நல்லா கலைஞ்சு வெயில் சுள்ளுனு அடிச்சா சந்தோசப்படவும் வேண்டாம், அந்த வெயில்தான் மதிய மழைக்கு அடுப்பு பத்த வைக்குது. மலைச்சரிவு சூடாகி ஈரக்காத்து மேல ஏறும், ஏற ஏற குளிர்ந்து மேகமாகும், ரெண்டு மணிக்கு மேல சாயங்காலம் வரைக்கும் எப்ப வேணா கொட்டும்.

நீங்க பாக்க வேண்டியது ஒன்பதரைல இருந்து பதினோரு மணி வரைக்கும். எதிர் மலை உச்சியில ஒரு மரத்த குறி வச்சுக்குங்க, சின்னப் பையன் ஒருத்தன நிறுத்தி கால் மணிக்கொரு தரம் பாக்கச் சொல்லுங்க. அந்த மரத்துக்கு மேல அடி தட்டையா பஞ்சு மாதிரி துண்டு துண்டா நிக்கிறது குமுலஸ், திரள் மேகம். உயரத்த விட அகலம் அதிகமா இருந்தா நிம்மதியா சந்தனம் குடுங்க. அகலத்த விட உயரம் அதிகமாகி, தலை உங்க ஊரு காலிபிளவர் மாதிரி கொதிச்சு கொதிச்சு ஏறினா மதியம் ஒரு மணிக்குள்ள சாப்பாட்ட முடிச்சிடுங்க. அந்தத் தலையே மங்கி நார் நாரா பக்கவாட்டுல பரவிட்டா அது இடிமேகம் ஆயிடுச்சு, அதுக்கப்புறம் யோசிக்க நேரமில்ல. திடீர்னு ஜில்லுனு ஒரு காத்து வந்து வாழை இலைய புரட்டுச்சுன்னா மழை வாசல்ல நிக்குதுன்னு அர்த்தம். உயரத்துல குதிரை வால் மாதிரி இருக்கிற கீத்து மேகத்த எல்லாம் விட்டுடுங்க, உங்க பரிசத்துக்கு அது முக்கியமில்ல.

இந்தக் கணக்கு பொய்க்கிற நாளும் இருக்கு, இத நல்லா கேட்டுக்குங்க. செப்டம்பர்ல பிலிப்பைன்ஸ் பக்கமோ தென்சீனக் கடல்லயோ புயல் நின்னா, நம்ம மேல வீசுற தென்மேற்குக் காத்த அது இழுத்து வேகமாக்கும், அப்ப மழைக்கு வெயில் தேவையே இல்ல, ராத்திரியிலயும் வரும் காலையிலயும் வரும். அன்னிக்கு எதிர் மலை மரமே தெரியாது, வானம் பூரா ஒரே சாம்பல், மேகத்துக்கு ஓரமே இருக்காது. ஓரம் இல்லாத சாம்பல்னா காலிபிளவர் தேடாதீங்க. புயல் இருந்தாலே இப்படி ஆகும்னும் இல்ல, அது நிக்கிற இடத்தப் பொறுத்தது. அதனால பரிசத்துக்கு நாலு நாள் முன்னாடியே புயல் செய்தி கேளுங்க, இருந்தா எஸ்டேட் டேவான, அதாவது மண்டபத்த, கேட்டு வச்சுக்குங்க, அன்னிக்குக் காலையில போய் சாவி தேடாதீங்க. சுமத்ராவுல காடு எரியுற புகை வந்து வானம் வெள்ளையா கிடந்தா அது மேகம் இல்ல, குழப்பிக்காதீங்க.

மைச்சுவாச்சா, அதான் மலேசிய வானிலைத் துறை ஆப், பாக்கலாமேன்னு கேப்பீங்க, பாருங்க, ஆனா அது ஒரு பெரிய இடத்துக்குச் சேர்த்து காலை, மதியம், இரவுன்னு சொல்றது. இதே மலையில இருக்கிற கம்போங் ராஜாவும் ரிங்லெட்டும் ஒண்ணா? ஒரு பக்கம் மழை, அடுத்த வளைவுல வெயில், தினமும் இத பாக்குறவங்கதான நம்ம. மலை ஊருக்கு ஏன் இன்னும் தனியா, ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. ஆனா இடிமழை எச்சரிக்கைன்னு வந்துச்சுன்னா அது அடுத்த சில மணி நேரத்துக்கானது, அத தள்ளிப் போடாதீங்க.

அடுத்து கேனப்பி. எங்க மாமா வீட்டு விசேசத்துல ஒருத்தர் தண்ணி இறங்காதுன்னு சத்தியம் பண்ணி முன்பணம் வாங்கினாரு. துணிய இழுத்துக் கட்டல, கால் மணி மழைக்கு நடுவுல எருமை வயிறு மாதிரி தொங்குச்சு, விளக்குமாத்தால முட்டித் தள்ளினதுதான், மொத்தத் தண்ணியும் சீர்வரிசைத் தட்டு மேல. இருபதுக்கு இருபது அடி துணியில 20 மில்லிமீட்டர் மழை தேங்கினா 700 கிலோவுக்கு மேல, எந்தக் கம்பி தாங்கும்? கூர் கூரையா இருக்கிறதா பாருங்க, காலுக்கு மண் மூட்டை வைக்கச் சொல்லுங்க, அது முடியுற வரைக்கும் மீதிப் பணம் குடுக்காதீங்க. இடி சத்தம் கேட்டா இரும்புக் கம்பிக்குக் கீழ யாரையும் நிக்க விடாதீங்க, வீட்டுக்குள்ள இல்லாட்டி காருக்குள்ள போகணும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் வெளிய வரணும்.

நேரம்? ஞாயித்துக்கிழமை ராகு காலம் சாயங்காலம் நாலரைக்குத்தான், எமகண்டம் பன்னண்டுக்குத் தொடங்குது, அதனால ஒன்பதரைக்குள்ள ஆரம்பிச்சு பதினோரு மணிக்கு தட்டு மாத்தி முடிங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தாப்பா ரோட்டுல ஏறி வர்றவங்கன்னா சனிக்கிழமையே வந்து தங்கச் சொல்லுங்க, திரும்பும்போது சாப்பாட்டு இலை எடுத்த கையோட, ரெண்டு மணிக்கு முன்னால மலை இறங்க அனுப்பிடுங்க.