34 வாரத்துக்குப் பிறகு நுரையீரல் ஊசி: மிஸ்ஸியின் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத் தாய்மார்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தாதி (மிஸ்ஸி) ஒருவர் பதில் சொல்கிறார். நுரையீரல் ஊசி என்பது, சீக்கிரம் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரல் முதிரத் தாய்க்குப் போடும் ஊசி.

எனக்கு 35 வாரம், மிஸ்ஸி. குழந்தை சீக்கிரம் பிறக்கலாம், நுரையீரல் ஊசி போடலாமா என்று டாக்டர் கேட்கிறார்.

34 வாரத்துக்கு முன்னால் என்றால் யோசிக்காமல் போட்டுக்கொள்ளச் சொல்வேன். 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற மருத்துவர்கள் காட்டிய வழி அது. உங்கள் கணக்கு வேறு, தங்கச்சி. 34 முதல் 36 வாரம் 5 நாள் வரை உள்ள 2,831 கர்ப்பிணிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பீட்டாமெத்தசோன் என்ற இந்த ஊசி மருந்து 12 மில்லிகிராம், 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. மூச்சுக்கு உதவி தேவைப்பட்ட குழந்தைகள் 14.4 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிய குழந்தைகள் 15இலிருந்து 24 சதவீதமானார்கள். அதனால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: ஒரு வாரத்துக்குள் பிறக்கும் என்பது எவ்வளவு உறுதி? பிள்ளை நாள் நிறைந்து பிறந்தால் அந்த மருந்து வீண்தானே?

ஊசி போட்டிருந்தால், பிறந்ததும் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்களா என்று கேட்க மறக்காதீர்கள்.

எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. போடலாமா?

கர்ப்பத்துக்கு முன்பே இனிப்பு நீர் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஊசிக்குப் பின் சில நாள் உங்கள் சர்க்கரை ஏறும். டாக்டர் முடிவெடுக்கட்டும். பிள்ளையின் குதிகால் சோதனையை மறக்காதீர்கள்.

ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை பிழைக்காது என்கிறார் மாமியார்.

தவறு. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம். எட்டாம் மாசப் பிள்ளைக்கு மூச்சு திணறினால் மூக்கு விரியும், விலா உள்ளே இழுக்கும், முனகல் கேட்கும். அதைப் பார்த்தவர்கள் பயந்துபோய்ச் சொன்ன பேச்சாக இருக்கலாம். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள்.

என் பாட்டி சொன்னால் தப்பாகுமா? அந்தக் காலத்தில் லயத்தில் எத்தனையோ பார்த்தவர்.

பாட்டியின் கை எத்தனை பிள்ளைகளை ஏந்தியதோ, அவரை வணங்குகிறேன். ஆனாலும் இந்தக் கணக்கு தப்புதான். இதை நம்பி, எட்டாம் மாசத்தில் வலி வந்ததும் இனி என்ன செய்தும் பயனில்லை என்று வீட்டிலேயே இருந்த தாயை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் மாசம் உண்மையாகவே...

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன் அம்மா, படியுங்கள்.

இந்த ஊசி பிள்ளையின் மூளையைப் பாதிக்குமா?

அதே ஆய்வின் பிள்ளைகளை 6 வயதுக்கு மேல் சோதித்து, 2024இல் முடிவு சொன்னார்கள். ஊசி போட்டவர், போடாதவர் இடையே அறிவு வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

35 வாரம், தண்ணீர் போகிறது, வலி இல்லை. காலையில் போகலாமா?

வேண்டாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பிங்க் புத்தகத்தை (உங்கள் கர்ப்பப் பதிவுப் புத்தகம்) எடுத்துக்கொள்ளுங்கள்.