‘நம்பினேன்’ என்று சொன்னால் வழக்கு நிற்குமா?

கேள்வி: நான் தனியார் பள்ளி ஆசிரியை. சிறு வயதிலிருந்து தலைமேல் வைத்துக் கொண்டாடிய பாடகர் ஒருவர்மீது, பெயர் வெளியிடாத ஒரு பெண் பாலியல் புகார் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதை முகநூலில் பகிர்ந்து, ‘இவன் இன்னும் எத்தனை பெண்களைக் கெடுத்தானோ, ஊருக்கே தெரிந்த கதைதான்’ என்று மேலே எழுதினேன். அவருடைய ரசிகர்கள் என்னைக் கேவலமாகத் திட்டினார்கள். ‘ஆதாரம் இல்லாமல் பெரிய மனிதரைப் பேசலாமா’ என்று கணவரின் அண்ணன் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் நிபந்தனையற்ற மன்னிப்பு, 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு. இல்லையென்றால் கிரிமினல் அவதூறு வழக்காம். அவரிடம் பாட்டு கற்ற என் தோழி ஒருத்தி திடீரென்று வகுப்பை விட்டு நின்றாள். காரணம் கேட்டபோது அழுதாள். பிரியா ரமணி வழக்கில் பெண்ணுக்குத்தானே தீர்ப்பு வந்தது? பாதிக்கப்பட்டவளை நம்பியது குற்றமா? நான் ஏன் பணிய வேண்டும்?

பதில்: அவருடைய பாட்டை இனிக் கேட்பதா, மைத்துனர் பேசியது முறையா, ரசிகர்கள் திட்டியது நியாயமா என்பதெல்லாம் இந்த நோட்டீஸுக்குச் சம்பந்தமில்லாதவை. அந்தப் பெண்ணை நீங்கள் மனதார நம்பியதும் குற்றமில்லை. நோட்டீஸ் வந்திருப்பது நீங்கள் சேர்த்து எழுதிய அந்த ஒரு வரிக்காக. அதை எழுதும் முன் எதை விசாரித்துத் தெரிந்துகொண்டீர்கள் என்ற ஒரு கேள்வியில்தான் முழு வழக்கும் நிற்கும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500) அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மைக்கும், பொது நன்மை கருதி நல்லெண்ணத்துடன் சொன்னதற்கும் விலக்கு உண்டு. ஆனால் உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்ததும் நம்பியதும் நல்லெண்ணத்தில் சேராது என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. விலக்கு தனக்குப் பொருந்தும் என்று காட்டும் சுமையும் குற்றம்சாட்டப்பட்டவர் தலையில்தான் விழும். ஆகவே நீங்கள் எவ்வளவு உருக்கமாக நம்பினீர்கள் என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) கேட்க மாட்டார். ‘ஊருக்கே தெரிந்த கதை’ என்றீர்களே, ஊரில் யாரிடம் கேட்டீர்கள் என்பார். உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை.

பிரியா ரமணி தீர்ப்பை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். பத்திரிகையாளரான அவர்மீது, அவர் சொன்ன பாலியல் புகாருக்காக முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கு அது. 2021 பிப்ரவரி 17 அன்று டில்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது உண்மை. பல ஆண்டுகள் கழிந்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதும் உண்மை. நான் மதிக்கும் தீர்ப்பு அது. ஆனால் ரமணி சொன்னது 1993இல் தனக்கே நடந்ததாக. தன் வாயால் சாட்சி சொல்லிக் குறுக்கு விசாரணைக்கு நின்றார். சம்பவத்தன்றே விஷயத்தைக் கேட்ட தோழி கூண்டேறினார். அக்பரின் நடத்தை பற்றிப் பத்திரிகையாளர் கஜாலா வஹாபும் சாட்சியம் அளித்தார். அப்படியிருந்தும் 2018 அக்டோபரில் தொடுத்த வழக்கு முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதன்மீதும் மேல்முறையீடு வந்தது. அந்தத் தீர்ப்பு அனுபவித்தவளுக்குக் குடை. கேள்விப்பட்டவருக்கு அதன் கீழ் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

‘நான் பகிர்ந்தேன், அவ்வளவுதான்’ என்ற வாதமும் எடுபடாது. நடிகர் எஸ்.வி. சேகர் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவைப் படிக்காமலே பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பகிர்ந்த தகவல் வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு என்று சொல்லி வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. அவதூறை மறுபதிவு செய்வதும் வெளியிடுவதே என்று 2024 பிப்ரவரியில் டில்லி உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நீங்களோ பகிர்ந்ததோடு நிற்காமல் மேலே ஒரு வரியும் சேர்த்தீர்கள்.

இனி, வழக்குக்காக என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் வழுக்கி விழும் இடங்களுக்கு வருகிறேன். நோட்டீஸ் வந்த அன்று இரவே அதைப் படம் எடுத்து, ‘என்னை மிரட்டுகிறார்கள், பயப்பட மாட்டேன்’ என்று இன்னொரு பதிவு போடுவார்கள். முதல் பதிவுக்கு ஆத்திரம் என்றாவது காரணம் சொல்லலாம். ஆட்சேபம் தெரிந்த பிறகு எழுதிய இரண்டாவதற்கு அதுவும் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காத்திருப்பதே அதற்குத்தான். வேறு சிலர் பழைய பதிவைத் திருத்துவார்கள். திருத்திய வரலாறு முகநூலிலேயே இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது: பதிவையும் அதன்கீழ் வந்த பின்னூட்டங்களையும் தேதியோடு முழுமையாகப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, பொதுப் பார்வையிலிருந்து நீக்குங்கள். நீக்கியதை உங்கள் பதில் நோட்டீஸில் சொல்லிவிடுங்கள்.

புகார் எழுதிய பெண் யார் என்று தேடிப் போகாதீர்கள். ‘இந்தக் கல்லூரியில் படித்தவர்தான்’ என்று பின்னூட்டத்தில் ஒரு குறிப்புகூட வேண்டாம். அவர் சொல்வது வன்புணர்வு என்றால், அவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். அப்போது அவர் 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்திருந்தால் போக்சோ சட்டமும் சேரும். அவருக்கு ஆதரவாக நின்றவர் கையாலேயே அவர் பெயர் வெளியே வருவதைவிடக் கொடுமை வேறில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் மன்னிப்புக் கடிதம். உங்களுக்கு என் ஆலோசனை, சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதே. அதற்காக அவர்கள் எழுதி அனுப்பும் வாசகத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். ‘இந்தப் புகார் முற்றிலும் பொய், உள்நோக்கம் கொண்டது’ என்று ஒரு வரி அதில் நைசாக உட்கார்ந்திருக்கும். அது பொய் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? உண்மை என்று நீங்கள் அறியாதது போலவே பொய் என்றும் அறிய மாட்டீர்கள். அந்தத் தாளை நாளை அந்தப் பெண்ணுக்கு எதிராக நீட்டுவார்கள். ‘எனக்கு நேரடியாகத் தெரியாத விஷயத்தில் இன்ன வார்த்தைகளைப் பயன்படுத்தியதற்கு வருந்துகிறேன், அவற்றைத் திரும்பப் பெறுகிறேன்’ என்பதோடு நிறுத்துங்கள். புகாரின் உண்மை, பொய் பற்றி ஒரு சொல்லும் கூடாது.

இன்னொன்று. ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று தலைப்பிட்டு எழுதினால் எதுவும் தங்களைக் கட்டாது என்று பலர் நம்புகிறார்கள். சாட்சியச் சட்டம் அந்தப் பாதுகாப்பைச் சிவில் வழக்குக்கு மட்டுமே தருகிறது. கிரிமினல் புகாரில் அதே கடிதத்தை ஒப்புதலாகக் கொண்டுவந்து வைக்கலாம். ஆகையால் வருத்தக் கடிதத்தைத் தனியாக அனுப்பாதீர்கள். சிவில், கிரிமினல் இரண்டும் தொடுப்பதில்லை, நஷ்டஈடு கேட்பதில்லை என்று அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். 50 லட்சத்தைப் பார்த்து மிரளாதீர்கள். நஷ்டஈட்டு வழக்குக்குச் சிவில் நீதிமன்றக் கட்டணம் அவர்தான் கட்ட வேண்டும். பெரும்பாலும் இந்தத் தொகை பேரத்துக்காகப் போடுவது.

போராடித்தான் பார்ப்பேன் என்றால் தடுக்க மாட்டேன். புதிய நடைமுறைச் சட்டப்படி, தனிநபர் புகாரை நடுவர் கோப்புக்கு எடுக்கும் முன் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். அங்கேயே முட்டிப் பார்க்கலாம். அதைத் தாண்டிவிட்டால் வாய்தாவுக்கு வாய்தா பள்ளியில் விடுப்பு எடுக்க வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை பாஸ்போர்ட் வாங்கவும் புதுப்பிக்கவும் நீதிமன்ற அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும். இத்தனையும் நீங்கள் பார்க்காத ஒரு சம்பவத்துக்காக.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது அந்தத் தோழி. அவர் அழுததை உங்கள் பதில் நோட்டீஸில் எதிர்வாதமாக எழுதாதீர்கள். அவர் அனுமதியில்லாமல் அவரை வழக்குக்குள் இழுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. உங்களுக்குச் சாட்சியாக வரச்சொல்லியும் அழைக்காதீர்கள். அப்படி அழைத்தால், பின்னால் அவர் தானாகப் புகார் கொடுத்தாலும் ‘தோழியைக் காப்பாற்றச் சொன்ன கதை’ என்று அதை உடைத்துவிடுவார்கள். அவராகப் பேச முன்வந்தால் ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள். பாலியல் தொந்தரவு என்ற அளவில் இருந்தால் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு, தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமும் உண்டு. மானபங்க நோக்கத்தில் பலப்பிரயோகம் நடந்திருந்தால் காலவரம்பே கிடையாது. கட்டணத்துக்கு யோசிக்க வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். அலுவலகம் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.