விடுதி அறையில் இணையம்: உங்கள் கேள்விகள்

செப்டம்பர் வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் 'விடுதி' என்ற சொல் அடிக்கடி தென்படும். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கி, பிள்ளைகள் அறையில் குடியேறி, முதல் மாதச் சிக்கல்கள் வீடு வந்து சேரும் நேரம் இது. இங்கே சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக விடுதியின் கணினி உதவி மேசையில் 21 ஆண்டுகள் இருந்தவள் நான். அதனால் இந்த மாதம் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் தேசிய சேவை முடித்து, போன மாதம் பல்கலைக்கழக விடுதியில் சேர்ந்தான். மடிக்கணினி நன்றாக வேலை செய்கிறது. நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியும் பிரிண்டரும் இணைய மறுக்கின்றன. ஐஃபோனைப் பதிவு செய்தும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 'பதிவு செய்யப்படாத சாதனம்' என்று வருகிறதாம். ஈசூனில் இருந்துகொண்டு நான் அவனுக்கு என்ன சொல்வது?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: அம்மா, தம்பிமேல் தவறில்லை. அவனுடைய சாமான்களும் கெட்டுப்போகவில்லை. நம் வீட்டு வைஃபைக்கு எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். விடுதியில் அப்படி இல்லை. ஒவ்வொரு மாணவரும் தம் பல்கலைக்கழகக் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துத்தான் நுழைய வேண்டும். மடிக்கணினிக்கும் ஃபோனுக்கும் அது தெரியும். ஸ்விட்ச் கடவுச்சொல்லை மட்டும்தான் கேட்கும். பெயரை எழுத அதில் இடமே கிடையாது. பல பிரிண்டர்களும் டிவிகளும் அப்படித்தான்.

இவற்றுக்காகத்தான் பதிவு என்கிற ஏற்பாடே வந்தது. உங்கள் புளோக் கார்பார்க்கை நினைத்துப் பாருங்கள். சீசன் பார்க்கிங் கட்டியவர் தடுப்புக் கம்பத்தின் முன் நின்று பெயர் சொல்வதில்லை. வண்டிக்குள் பொருத்தியிருக்கும் கருவியின் எண்ணைப் படித்ததும் கம்பம் தானாக மேலே போகிறது. விடுதியில் அந்த எண்ணின் இடத்தில் மேக் முகவரி இருக்கிறது. தொழிற்சாலையிலேயே கொடுத்து அனுப்பும் எண் அது: இரண்டிரண்டாக 6 ஜோடி, மொத்தம் 12 இடம். 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும், ஆங்கில எழுத்தில் ஏ முதல் எஃப் வரையும் மட்டும்தான் வரும். முதல் 3 ஜோடியைப் பார்த்தால் செய்த நிறுவனம் எது என்று தெரிந்துவிடும். தம்பி தன் கணக்கில் நுழைந்து, பதிவுப் பக்கத்தில் அந்த எண்ணைச் சேர்த்து, கருவியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

ஸ்விட்சில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', அதில் 'இன்டர்நெட்'. எண் அங்கேயே இருக்கும். ஆனால் வைஃபைக்கு ஓர் எண், கம்பிக்கு வேறு எண். டிவியோடு இணைக்கும் 'டாக்' தாங்கியில் கம்பி செருகி விளையாடுகிறவன் வைஃபை எண்ணைப் பதிவு செய்தால் பலன் இல்லை.

எழுதும்போது நிதானம் வேண்டும். காகிதப் படிவம் இருந்த காலத்தில் ஒரு மாணவி மூன்று நாள் தொடர்ந்து என் மேசைக்கு வந்தார். மூன்றாம் நாள் அவர் மடிக்கணினியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த வில்லையைப் படிவத்தோடு வைத்துப் பார்த்தேன். அவர் 8 என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். நான்தான் அதைப் 'பி' என்று கணினியில் ஏற்றியிருந்தேன். பரீட்சை வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு மூன்று நாள் போயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு ஜோடியையும் மாணவர் வாய்விட்டுப் படிக்க, நான் சரிபார்த்துத்தான் ஏற்றுவேன். தம்பியும் பக்கத்து அறை நண்பனைப் படிக்கச் சொல்லி எழுதட்டும். 'ஓ' போல் தெரிவது எப்போதும் பூஜ்யம். இந்த எண்ணில் 'ஓ' வரவே வராது.

இனி ஃபோன். 'இரண்டு வாரத்துக்கு ஒருமுறை' என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. ஒரே எண்ணை வைத்துக் கடைத்தெரு, விமான நிலையம் என்று ஒருவரைப் பின்தொடர முடியும் என்பதால், 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த, ஐஃபோனுக்கான ஐஓஎஸ் 14 முதலும், ஃபோன்கள் தங்கள் உண்மை எண்ணை மறைத்து ஒரு கற்பனை எண்ணைக் காட்டுகின்றன. நல்ல பாதுகாப்புதான், குறையே சொல்ல மாட்டேன். ஐஓஎஸ் 18இல் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்ற இடத்தில் 'ஆஃப்', 'ஃபிக்ஸ்டு', 'ரொட்டேட்டிங்' என மூன்று இருக்கும். மூன்றாவதில் இருந்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் எண் மாறிவிடும். கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபை என்றால் ஃபோன் தானாகவே அதைத்தான் தேர்ந்தெடுக்கும். பதிவேட்டில் இருப்பது பழைய எண், வாசலில் நிற்பது புது எண். எப்படி உள்ளே விடுவார்கள்?

எண் கற்பனையா உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதல் ஜோடியின் இரண்டாம் இடத்தைப் பாருங்கள். அங்கே 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது ஃபோன் தானாகப் போட்டுக்கொண்ட எண்.

என் யோசனை, ஃபோனைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டு, மடிக்கணினி போகும் வைஃபையிலேயே கணக்குப் பெயர் கொடுத்து இணைக்கட்டும். பெயர் சொல்லத் தெரிந்த கருவிக்குப் பதிவே வேண்டாம். எடுரோம் என்ற இணைப்பையும் போட்டு வைத்தால், அதில் சேர்ந்திருக்கும் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போகும்போதும் அதே கணக்கு வேலை செய்யும்.

பிரிண்டருக்கு ஒரு யூஎஸ்பி கம்பி போதும். இதைப் பல வருட அனுபவத்தில் சொல்கிறேன். பதிவு செய்து இணையத்தில் ஏற்றினாலும், ஒருவர் கருவி இன்னொருவர் கருவியைப் பார்க்கக் கூடாது என்று பல விடுதிகளில் தடுத்து வைத்திருப்பார்கள். ஃபோன் பிரிண்டரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: திருச்சியிலிருந்து முதுநிலை படிக்க ஜனவரியில் சிங்கப்பூர் வருகிறேன். பல கருவிகளைப் பதிவு செய்வதற்குப் பதில், வீட்டில் சும்மா கிடக்கும் ரவுட்டரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் என்ன?

பதில்: தம்பி, வேண்டாம். பெரும்பாலான விடுதிகளில் அதற்கு அனுமதி இல்லை. ஏன் என்று கேட்பீர்கள், அதனால் ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன்.

மாணவர்கள் வந்து முதல் வாரம். இரவு பத்து மணிக்கு ஒரு மாடி முழுக்க இணையம் போய்விட்டது. போய்ப் பார்த்தால் எல்லாருடைய கணினியும் 192.168 என்று தொடங்கும் ஐபி முகவரியோடு (இணையும்போது கணினிக்குத் தரப்படும் எண்) நிற்கிறது. அது நாங்கள் கொடுக்கிற முகவரியே இல்லை. கணினி கம்பியில் சேர்ந்ததும் 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்கும். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்களை நம்பிவிடும். யாரோ குறுக்கே புகுந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோவின் மேக் முகவரியைப் பிடித்தோம். முதல் 3 ஜோடி, ரவுட்டர் செய்கிற ஒரு நிறுவனத்தைக் காட்டியது. அந்த எண், அறைகளின் கம்பிகள் வந்து சேரும் எங்கள் 'நெட்வொர்க் சுவிட்ச்' பெட்டியின் எந்தத் துளை வழியாக வருகிறது என்று பார்த்ததும் அறை தெரிந்தது.

கதவைத் திறந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து நான்கு நாள் ஆன முதலாண்டு மாணவர். மேசைக்கு அடியில் ரவுட்டர். அதன் பின்புறம் ஒரு நீலத் துளை, நான்கு மஞ்சள் துளைகள். சுவரிலிருந்து வரும் கம்பி நீலத்தில் போக வேண்டும்; அவர் மஞ்சளில் செருகியிருந்தார். ரவுட்டர் அவர் அறைக்குக் கொடுக்க வேண்டிய முகவரிகளைச் சுவர் வழியாக மாடிக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. கம்பியை உருவினேன், சில நிமிடங்களில் வரிசையாக எல்லா அறைகளும் சரியாயின. அம்மாவோடு வீடியோவில் பேச ஆசைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். கை நடுங்க நின்ற அவரை உட்கார வைத்து, அவர் மடிக்கணினியை நானே இணைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீலத்தில் சரியாகச் செருகினாலும் தொல்லை தீராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அறைக்கொரு ரவுட்டர் இருந்தால் அந்த மாடியில் யாருக்கும் நல்ல வேகம் கிடைக்காது.

பெட்டியில் ரவுட்டருக்கான இடத்தில் வேறு சாமான் வையுங்கள். மடிக்கணினியில் கம்பித் துளை இல்லையென்றால் யூஎஸ்பி அடாப்டர் ஒன்று, மூன்று மீட்டர் கம்பி ஒன்று. அடாப்டருக்கும் சொந்த மேக் முகவரி உண்டு, அதனால் அதை இரவல் கொடுக்காதீர்கள். பதிவு அதோடு போய்விடும். இங்கே பிளக் மூன்று பட்டை முள், நம் ஊர் உருண்டை முள் சேராது.

கேள்வி: என் தோழிக்குக் கருவிகளின் எண்ணிக்கை வரம்பு முடிந்துவிட்டது. அவளுடைய டேப்லட்டை என் பெயரில் பதிவு செய்யச் சொல்கிறாள். செய்யலாமா? – மாணவி, ஜூரோங்

பதில்: செய்யாதே, தங்கச்சி. பதிவேட்டில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் உன் பெயர் இருந்தால், அந்த எண் செய்வதெல்லாம் நீ செய்ததாகத்தான் முதலில் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் கணினி முறைகேட்டுச் சட்டம் 1993இலிருந்து இருக்கிறது. யாரோ செய்ததற்கு நீ விளக்கம் எழுதிக்கொண்டு நிற்கக் கூடாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. 2003, சார்ஸ் ஓய்ந்த அதே ஆண்டு. ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு உலகம் முழுக்கக் கணினிகளுக்குள் புகுந்தது. விண்டோஸ் எக்ஸ்பி திரையில் 60 வினாடி எண்ணிக்கை ஓடி, கணினி தானாக அணைந்துவிடும். தொற்றிய கணினி மற்றவற்றையும் தொற்ற வைக்கும். திருத்த மென்பொருளைச் சிடியில் எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனோம். பதிவேட்டில் இருந்த பெயர் சரியாக இருந்த இடங்களில் கதவைத் தட்டி, 20 நிமிடத்தில் முடித்தோம். நண்பன் பெயரில் பதிவாகியிருந்த ஒரு கணினிக்காக ஒரு முழு மாலை தவறான அறையில் தேடினோம். அதற்குள் புழு அடுத்த மாடிவரை போய்விட்டது.

தோழியை உதவி மேசைக்கு அனுப்பு. பழைய பதிவுகளை நீக்கினாலே இடம் கிடைக்கும். பலர் விற்றுவிட்ட ஃபோனைக்கூட வைத்திருப்பார்கள்.

கேள்வி: மகள் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகிறாள். அறையில் இருந்த டிவியை அடுத்த அறைப் பெண்ணுக்கு விற்றுவிட்டாள். பதிவை என்ன செய்வது? – ஒரு தந்தை, பொங்கோல்

பதில்: கொடுக்கும் முன் நீக்கிவிட வேண்டும் ஐயா. ஒரே எண்ணை இரண்டு பேர் பெயரில் பொதுவாக ஏற்க மாட்டார்கள், அதனால் வாங்கிய பெண்ணுக்கும் இணைப்பு கிடைக்காது. டிவியில் மகளின் கணக்குகள் இருந்தால் அவற்றிலிருந்து வெளியேறி, பழைய நிலைக்குத் திருப்பி அமைத்துவிடுங்கள். டிவியை ஒப்படைக்கும் அன்றே இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி நீக்க, ஒருத்தி சேர்க்க, அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.