சிறிய உப்புநீர்த் தொட்டியில் இறால், நத்தை, நண்டு: கேள்வி பதில்

கேள்வி (சென்னை): 20 லிட்டர் உப்புநீர்த் தொட்டி அமைத்துள்ளேன். மீன் வேண்டாம், இறால், நத்தை, நண்டு மட்டும் போதும் என்று எண்ணுகிறேன். எவற்றில் தொடங்கலாம்?

பதில்: மீனைத் தவிர்த்தது நல்ல முடிவு. கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் நிலைத்து, கண்ணாடியில் பாசி படரத் தொடங்கிய பிறகு முதலில் நத்தைகளை விடுங்கள். உயிரினம் எவ்வளவு பெரிதாகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது எதைத் தின்னும், அந்த உணவு உங்கள் தொட்டியில் தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. பாசி மேயும் நத்தைகளைக் கை நிறைய வாங்கிப் போட்டால், இரண்டு வாரத்தில் கண்ணாடி பளிச்சென்று ஆகும். அதன்பின் அவை பட்டினியால் ஒவ்வொன்றாக மடிந்து, தண்ணீரையும் கெடுக்கும். உங்கள் அளவுக்கு ஒரு ட்ரோகஸ், இரண்டு செரித், ஒரு நசாரியஸ் போதும். அஸ்ட்ரியா நத்தையும் நன்றாக மேயும், ஆனால் மணலில் மல்லாந்து விழுந்தால் அதனால் பெரும்பாலும் நிமிர முடியாது. ட்ரோகஸ் தானே புரண்டுகொள்ளும். நசாரியஸ் பாசியைத் தொடாது. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து, தும்பிக்கை போன்ற குழலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உணவுத் துணுக்கு விழுந்ததும் மணலைப் பிளந்துகொண்டு வெளிவந்து மிச்சத்தைத் தின்றுவிடும்.

அடுத்து, செக்ஸி ஷ்ரிம்ப் எனும் குட்டி இறால் மூன்று வாங்கலாம். வளர்ந்தாலும் சுமார் 2 செ.மீ. நீளந்தான், வாலைத் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும், தனியாக விட்டால் ஒளிந்துகொள்ளும், கூட்டமாக இருந்தால் வெளியே உலவும். நண்டு வேண்டுமானால் பாம்-பாம் நண்டு ஒன்று. இரு இடுக்கிகளிலும் ஒவ்வொரு சிறு கடற்சாமந்தியை (பூப்போலத் தோன்றும், கொட்டும் கடல் உயிரினம்) பிடித்திருக்கும். ஒன்றை இழந்தால் மற்றதை இரண்டாகக் கிழித்து இரு கைகளுக்கும் ஆக்கிக்கொள்ளும். என்னைக் கேட்டால், இத்தனை சிறிய தொட்டிக்கு இதைவிடச் சுவாரசியமான உயிரினம் வேறில்லை. துறவி நண்டை மட்டும் யோசித்து வாங்குங்கள்: காலிச் சங்கு கிடைக்காவிட்டால் உங்கள் நத்தையைக் கொன்று அதன் ஓட்டுக்குள் குடியேறிவிடும்.

கேள்வி (மதுரை): கோடையில் தொட்டிக்கு மேல் மின்விசிறி வைத்தேன். வெப்பம் குறைந்தது, ஆனால் இறால்கள் சோர்ந்துவிட்டன. ஏன்?

பதில்: விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 20 லிட்டரில் 2 லிட்டர் குறைந்தால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறத்தாழ 39 கிராமாகிவிடும். முதுகெலும்பற்ற உயிரினங்களில் பலவற்றால் உடலின் உப்புநிலையை மீன்களைப் போலச் சரிசெய்துகொள்ள இயலாது. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, காலையிலும் மாலையிலும் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. நீரை ஊற்றுங்கள். ஈடுசெய்ய உப்புநீரை ஊற்றுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உப்பின் அளவைக் காட்டும்) 1.025-ஐ ஒட்டி நிற்கட்டும்; அதை அளக்க மிதவைக் கருவியைவிட, ஒளி விலகலைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் நம்பகமானது.

கேள்வி (கோயம்புத்தூர்): கண்ணாடிச் சாமந்தி எனப்படும் ஐப்டேசியா (களைபோலப் பெருகும் சிறு கடற்சாமந்தி) பெருகிவிட்டது. பெப்பர்மின்ட் இறால் அதைத் தின்னுமாமே?

பதில்: தின்னும், ஆனால் எல்லா இறாலும் தின்னும் என்று உறுதி சொல்ல முடியாது. கடையில் அதே பெயரில் கேமல் இறாலைக் கொடுத்துவிடுவதும் உண்டு. முதுகில் கூனும், சிவப்பு உடலில் பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளும் இருந்தால் வாங்காதீர்கள், அது பவளங்களின் பாலிப்புகளை (பவளத்தை உருவாக்கும் சிற்றுயிர்கள்) கடித்துவிடும்.

கேள்வி (திருச்சி): கடற்சாமந்தி, நட்சத்திர மீன், கடல் அட்டை இவற்றில் ஏதாவது வைக்கலாமா?

பதில்: மூன்றும் வேண்டாம். சாமந்தி இடம் பிடிக்காவிட்டால் ஊர்ந்து சென்று மோட்டாரில் சிக்கிக்கொள்ளும், இறந்தால் தொட்டி முழுவதையும் நாசமாக்கிவிடும்; அடர் மஞ்சள், இளஞ்சிவப்பு எனக் கண்ணைப் பறிப்பவற்றில் சில சாயமேற்றப்பட்டவை. நட்சத்திர மீன்கள் பெரும்பாலும் பட்டினியால் மெல்லக் கரைந்துபோகும். கடல் அட்டை இறக்கும்போதோ மிரளும்போதோ நச்சை வெளியிடக்கூடும். அதற்கு மேலாக, கடல் அட்டைகளும் கல் பவளங்களும் 2001 முதல் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவில் பிடித்தது என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): முன்பு மீன் நோய்க்கு மருந்திட்ட தொட்டியையே பயன்படுத்தலாமா?

பதில்: மருந்தில் செம்பு இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் பழைய மணலையும் பாறையையும் எறிந்துவிடுங்கள். அவற்றில் ஊறிய செம்பு பின்னர் கசிந்து, மீன் தாங்கும் அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். கண்ணாடியை நன்கு கழுவி, புது மணல் இட்டு, செம்புச் சோதனை செய்தபின் ஒரே ஒரு நத்தையை விட்டுப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): காலையில் இறால் ஒன்று அசையாமல் கிடந்தது. எடுத்து எறிந்துவிடலாமா?

பதில்: கண்ணாடி போல வெறுமையாக, முதுகில் பிளவுடன் இருந்தால் அது உரித்துப்போட்ட சட்டை, இறால் பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும். புது ஓடு இறுகும்வரை ஓரிரு நாள் வெளியே வராது, பாறையைப் புரட்டித் தேடாதீர்கள். வெண்மையோ இளஞ்சிவப்போ படர்ந்து, சதையோடு நாற்றமும் இருந்தால் உடனே அகற்றி, கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள்.