நான்கு வயதுப் பிள்ளை இரவு பதினொன்று வரை தூங்கவில்லையா?

பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம், மூத்தவளின் பகல் தூக்கத்தை மூன்று மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். பதினொன்று வரை விழித்திருந்து, சத்தத்தில் ஒன்றரை வயதுத் தம்பியையும் எழுப்பிவிடுகிறாள் என்கிறீர்கள். அது பிடிவாதம் இல்லை, அவளுக்குத் தூக்கமே வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு ஆயா வீட்டுக்குப் போகும்போதுதான் எழுந்திருக்கிறாளாமே. அந்த வயதில் பகலும் இரவும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் போதும். மாலையில் இரண்டு மணி நேரம் போய்விட்டால் இரவில் எப்படி வரும்? மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். 1982-இல் நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதன் விளைவு இது. எட்டு மணிக்கே விளக்கைக் குறைத்துவிடுங்கள்.

ஆயாவிடம் தன்மையாகப் பேசுங்கள். பல பிள்ளைகளைப் பார்ப்பவருக்கு, எல்லாரும் தூங்கும் நேரம்தான் சமையலுக்கும் ஓய்வுக்கும் கிடைக்கும். மதியம் ஒரு மணிக்கே படுக்க வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு வாரம் தூங்கிய, எழுந்த நேரத்தை எழுதி வையுங்கள். முதல் சில நாள் மாலையில் சிணுங்குவாள். அப்போது சீக்கிரம் குளிக்க வைத்து, சோறு ஊட்டிவிடுங்கள்.

சின்னவனின் பகல் தூக்கத்தைக் குறைக்க வேண்டாம், அவனுக்கு அது தேவை. அப்புறம், மூத்தவள் தூக்கத்தில் சத்தமாகக் குறட்டை விட்டாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, நேரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.